புளியங்குற்றியும் பள்ளி விறகு மெசினும்



பள்ளி வளவில் கிடந்த பெரிய புளியங்குற்றிகளை எப்படி விறகாக்கினீர்கள் என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருந்து இரண்டு பேர் மெசினைப் பார்க்கவே வந்து, சிலிண்டரை மட்டும் நாலு பக்கத்தாலும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பெரிய சிலிண்டர் ஒன்றைப் போட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள் போல. அந்த நினைப்போடு யாராவது வெல்டிங் கடைக்குப் போனால் ஒரு பிள்ளையின் கைதான் போகும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்றால் நாலு பேர். வெல்டிங் கடைத் தம்பி, லேத் கடை மச்சான், முப்பது வருசமாகப் பள்ளிக்கு விறகு கொத்துகிற காக்கா, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் என்று இழுத்துப் போடப்பட்ட ஒரு விஞ்ஞான வாத்தியார்.

மரத்தின் கதை உங்களுக்குத் தெரியும். 1978 சூறாவளியில் ஊரின் தென்னைகள் எல்லாம் படுத்தபோதும் நிமிர்ந்து நின்ற புளி என்று பெரியவர்கள் சொல்வார்கள். போன மாரிக்கு முந்திய மாரியில் ஒரு இரவு வேரோடு சாய்ந்தது. மதில் உடைந்ததோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். கொப்பெல்லாம் அந்த நோன்புக்கே கஞ்சி அடுப்பில் எரிந்து முடிந்துவிட்டது. அடிமரத்தை செயின் சோவால் துண்டு போட்டோம். பதினொரு குற்றி. ஒவ்வொன்றும் இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். காய்ந்த பிறகும் ஒன்று நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. விறகுக் கடைக்காரர் வந்து பார்த்து, சும்மா தந்தாலும் வேண்டாம் என்றார். அஸருக்குப் பிறகு சின்னப் பிள்ளைகள் ஏறி விளையாடுவதற்குத்தான் அவை உதவின.

புளி ஏன் பிளக்காது என்று காக்காவிடம் கேட்டால், "அது பாய் பின்னின மாதிரி மரம் சேர்" என்பார். சரியான விளக்கம். சவுக்கையோ மாவையோ எடுத்தால் நார் மேலிருந்து கீழாக நேராக ஓடும். ஓர் இடத்தில் வாய் திறந்தால் வெடிப்பு தானாக ஓடிப்போய்விடும். புளியில் ஒரு படை நார் இடப்பக்கம் சாய்ந்து வளரும், அடுத்த படை வலப்பக்கம் சாயும். வெடிப்பு ஓடுவதற்கு நேரான வழி கிடையாது. அதற்கு மேல் கணு, கவட்டை. கோடரியால் ஓங்கிப் போட்டால் கோடரிதான் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆப்பு அடித்தால் ஆப்பும் சிக்கும்.

பள்ளியில் ஏற்கனவே ஒரு விறகு பிளக்கிற மெசின் இருந்தது. 2022இல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் தம்பி செய்தது. வீட்டுக்கு வீடு விறகடுப்பு திரும்பி வந்திருந்தது, பேக்கரிக்காரர்களும் விறகுக்கு அலைந்தார்கள். லேண்ட்மாஸ்டர் எஞ்சினில் ஒரு எண்ணெய்ப் பம், உடைந்த பெக்கோவில் கழற்றிய மூன்று அங்குல சிலிண்டர், ஒரு ஐ பீம். பீமின் ஒரு நுனியில் ஆப்பு அசையாமல் நிற்கும். மறுபக்கத்தில் இருந்து சிலிண்டர் கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்து அதில் குத்தும். ஒரு அடி அகலமான மா, வாகை, சவுக்கு எல்லாவற்றையும் அழகாகப் பிளந்தது. அந்த நெருக்கடியில் எத்தனை வீட்டு அடுப்பு அதனால் எரிந்தது என்பதற்கு நீங்களே சாட்சி.

புளியங்குற்றியை அதில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. ஏற்றி லீவரைத் தள்ளினால் ஆப்பு இரண்டு அங்குலம் இறங்கும். பிறகு எஞ்சின் முனகும், எண்ணெய் சூடாகும், அவ்வளவுதான். குற்றியை ஆப்பிலிருந்து பிடுங்கி எடுக்க இன்னும் அரைமணி நேரம். பீமும் நடுவில் இலேசாக வளைந்திருந்தது.

இந்த இடத்தில்தான் முதல் வாக்குவாதம். ரிலீவ் வால்வின் திருகை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினால் அமுக்கம் ஏறும், குற்றி பிளந்துவிடும் என்றார் தம்பி. செலவே இல்லாத வழி. எங்களில் இரண்டு பேர் மறுத்தோம். அந்த வால்வு இருப்பதே பம்மும் ஹோஸும் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அமுக்கம் போகாமல் எண்ணெயைத் தாங்கிக்குத் திருப்பிவிடத்தான். அதை இறுக்குவது பிரஷர் குக்கரின் விசிலைக் கட்டிவைத்துச் சமைப்பது போல. ஹோஸ் வெடித்தால் கொதிக்கிற எண்ணெய் முகத்துக்கு வரும். முதலில் ஒரு கேஜ் வாங்கிப் பூட்டுவோம், எத்தனையில் வால்வு திறக்கிறது என்று பார்ப்போம் என்று முடிவானது. பார்த்தால் சதுர அங்குலத்துக்கு 2000 இறாத்தல். பம்முக்கும் ஹோஸுக்கும் அது சரியான அளவு. அமுக்கத்தில் கை வைப்பதில்லை என்று அன்றைக்கே பேசி முடித்தோம்.

அமுக்கத்தைக் கூட்டாமல் விசையைக் கூட்ட வேண்டுமென்றால் பரப்பைக் கூட்ட வேண்டும். எங்கள் பிள்ளைகள் சாதாரண தரத்துக்குப் படிக்கிற கணக்குத்தான் இது. மூன்று அங்குல சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர அங்குலம். 2000ஆல் பெருக்கினால் 14,000 இறாத்தல், அதாவது ஆறரைத் தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து அங்குல சிலிண்டர் என்றால் பரப்பு 19.6. அதே அமுக்கத்தில் 39,000 இறாத்தல், 17 தொன்னுக்கு மேல். விட்டம் இரண்டு அங்குலம்தான் கூடியது, விசை இரண்டே முக்கால் மடங்கு ஆகிவிட்டது.

சும்மா கிடைப்பதில்லை. அதே பம் பெரிய சிலிண்டரை நிரப்ப வேண்டுமே. முன்பு எட்டு வினாடியில் முடிந்த ஓட்டம் இப்போது இருபத்திரண்டு வினாடி எடுக்கிறது. வேகமான பம் போடலாம்தான், அதற்குப் பெரிய எஞ்சினும் வேண்டும். கஞ்சி விறகுக்கு என்ன அவசரம்? மெதுவாகப் போகிற ஆப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒரு பாதுகாப்புத்தான். பெரிய சிலிண்டர் குடிக்கிற எண்ணெயும் அதிகம் என்பதால் 20 லீற்றர் தாங்கியை எடுத்துவிட்டு 40 லீற்றர் தாங்கி ஒன்றைப் பற்றவைத்தோம்.

சிலிண்டரைப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்கினோம். மச்சான் அதைக் கழற்றி, தண்டின் கீறல்களை லேத்தில் ஏற்றித் தேய்த்து, சீல் எல்லாம் புதிதாகப் போட்டார். இரண்டு வெள்ளிக்கிழமைப் பின்னேரங்கள் போயின. கூலி எடுக்கவில்லை. அவர் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் எழுதவில்லை.

படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் பார்க்காமல் விட்ட இடத்துக்கு வருகிறோம். பதினேழு தொன் கட்டையை மட்டும் தள்ளுவதில்லை. மறுநுனியில் இருக்கிற தகட்டையும் அதே விசையோடு பிய்க்கப் பார்க்கும். ஆப்பு மரத்தில் குத்துகிற இடம் பீமுக்கு மேலே ஐந்தாறு அங்குலம் உயரத்தில் இருப்பதால், அந்த உயரமே ஒரு நெம்புகோலாகி பீமை வில்லாக வளைக்கும். ஆறு தொன்னிலேயே வளைந்த பீம் பதினேழில் என்ன ஆகும்? வெல்டிங் பிய்ந்து தகடு பறந்தால் அது எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பழைய பீமை வீசிவிட்டு, அதைவிட உயரமான பீம் ஒன்று எடுத்தோம். இரண்டு பக்கமும் அரை அங்குலத் தகடு வைத்து நெடுக மூடினோம். நுனித் தகட்டுக்குப் பின்னால் பெரிய முக்கோணத் தகடுகள் இரண்டு. சிலிண்டரின் விலையைவிட இந்த இரும்புக்குத்தான் அதிகம் போனது. பள்ளிக் கணக்கில் இது ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அடுத்தது ஆப்பு. பழையது இரண்டு தடித்த தகட்டைக் கூரை மாதிரிச் சேர்த்தது. நேர்நார் மரத்துக்கு அது நல்லது, உடனே அகட்டிவிடும். புளியில் அகட்டுவதற்கு முன் நாரை அறுக்க வேண்டும். லொறி ஸ்பிரிங் பட்டையில் மெல்லிய கத்தி ஒன்றை முன்னால் வைத்து, நாலு அங்குலம் தள்ளித்தான் ஆப்பு அகலத் தொடங்குகிற மாதிரி செய்தோம். ஸ்பிரிங் பட்டையை அப்படியே பற்றவைத்தால் ஆறும்போது வெல்டிங் ஓரத்தில் வெடித்துவிடும். தம்பி அதை முதலில் நன்றாகச் சூடாக்கி, பற்றவைத்து, கஞ்சி அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து ஒரு இரவு முழுக்க மெல்ல ஆறவிட்டார். பதினொன்றில் ஒன்பது குற்றியைப் பிளந்த பிறகும் கத்தியில் ஒரு கீறல் இல்லை.

இவ்வளவு சொன்னாலும், எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் விசையில் இல்லை. நூற்றைம்பது கிலோவை யார் தூக்குவது? காக்காவின் இடுப்பு போனதே இந்தத் தூக்கலில்தான். கொத்தினது அவரை ஒன்றும் செய்யவில்லை. குனிந்து, கட்டிப்பிடித்து, நிமிர்த்திய குற்றிகள்தான் செய்தன. பதினேழு தொன் மெசினைச் செய்துவிட்டு அதற்கு நாலு முதுகைக் காவு கொடுப்பதில் என்ன புத்திசாலித்தனம்?

ஆகவே மெசினை நிமிர்த்தினோம். பீமின் ஒரு நுனியில் பிணைச்சல் போட்டு, வேண்டும்போது அது தூண் மாதிரி நெட்டுக்கு நிற்கும்படி செய்தோம். நுனித் தகடு நிலத்தோடு உட்கார்ந்திருக்கும். ஆப்பு சிலிண்டரின் தண்டோடு சேர்ந்து மேலிருந்து கீழே இறங்கும். குற்றியை யாரும் தூக்க வேண்டியதில்லை. சில்லு மாதிரி உருட்டிக்கொண்டு வந்து, அலவாங்கால் நெம்பித் தகட்டின் மேல் சரித்தால் போதும். இரண்டு பேரின் வேலை. சின்னக் கட்டைகளுக்கு மீண்டும் படுக்கவைத்துக்கொள்ளலாம். பிணைச்சலில் ஒரு ஊசி போட்டுப் பூட்டுகிறோம். நின்ற மெசின் சரிந்தால் அது இன்னொரு புளிமரம் சாய்ந்த கணக்கு.

ஆப்பு சிக்கினால்? பீமின் இரண்டு பக்கமும் ஆங்கிள் இரும்பில் இரண்டு கொம்பு வைத்திருக்கிறோம். ஆப்பு மேலே திரும்பும்போது குற்றி கொம்பில் முட்டித் தானாகக் கழன்று விழும். முந்தி அரைமணி நேரம் பிடுங்கிய வேலை இப்போது பத்து வினாடி. எங்களுக்குள் மிகவும் பிடித்த பாகம் எது என்று கேட்டால் இந்தக் கொம்பைத்தான் சொல்வோம். செலவு மிகக் குறைவு.

முதல் நாள் குற்றியை நடுவில் வைத்து அழுத்தினோம். கத்தி பாதி வரைக்கும் போய் நின்றுவிட்டது. கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த காக்கா எழும்பி வந்தார்.

"மெசினுக்குக் கண் இல்ல சேர். நடுவுல ஏன் குத்துறீங்க? வாழப்பழம் உரிக்கிற மாதிரி ஓரத்தால வாங்க."

ஓரத்தில் நாலு அங்குலத்தைக் கழித்தோம். பலகை மாதிரி பிய்ந்து வந்தது. சுற்றிச் சுற்றி ஓரத்தைக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் நடுவில் மிஞ்சுவது ஒரு அடிக் கட்டைதான். காய்ந்த குற்றியின் முகத்தில் ஓடிய வெடிப்புகளை அவர் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுத் தந்தார். கத்தி அந்தக் கோட்டில் இறங்கினால் கேஜ் ஆயிரத்தைத் தாண்டுவதில்லை. அவர் கோட்டை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தால் இரண்டாயிரம் வரைக்கும் போய் வால்வு கத்தும். அதே மெசின், அதே மரம். கவட்டையுள்ள குற்றிகள் இரண்டை அவர் தொடவே விடவில்லை. அவற்றைச் செயின் சோவால் நெடுக்கே அரிந்து பாதியாக்கிய பிறகுதான் மெசினுக்கு வந்தன.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லாமல் விட முடியாது. மெசின் வந்துவிட்டதே, காக்காவுக்கு ஏன் பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும், இரண்டு பொடியன்களுக்கு நாள் சம்பளம் கொடுத்தால் மலிவாக முடியுமே என்று ஒரு கதை எழும்பியது. அவருக்கு ஒரு சாரமும் சேர்ட்டும் எடுத்துக் கொடுத்து துஆச் செய்து அனுப்பிவிடலாம் என்றும் சொல்லப்பட்டது. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பள்ளியின் காசைப் பார்த்துச் சொன்னார். ஆனால் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு என்ன விலை போடுவது? கேஜ் ஆயிரத்தில் நிற்பதற்கும் இரண்டாயிரத்தில் நிற்பதற்கும் இடையில் இருக்கிற டீசல், சீல், ஹோஸ் எல்லாம் பள்ளிக் காசுதானே. நாங்கள் நாலு பேரில் மூன்று பேர் போய்ப் பேசினோம். காக்காவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் பேசினோம், அவர் முன்னால் பேசுகிற பேச்சு அல்ல அது. ஒரு பெட்டி விறகுக்கு முன்பு என்ன கொடுத்தார்களோ அதையே அவருக்குக் கொடுப்பது, உருட்டுகிற தம்பிக்குத் தனியாக நாள் சம்பளம் கொடுப்பது என்று முடிவாயிற்று. முன்பு ஒரு பெட்டிக்கு இரண்டு நாள் கொத்துவார். இப்போது ஒரு நாளில் இரண்டு பெட்டி. கணக்கைப் பார்த்தால் அவருக்கு இலாபம்தான். அது சிலருக்கு இன்னும் உறுத்துகிறது என்று தெரியும். உறுத்தட்டும்.

மெசினை இரவல் கேட்பவர்களுக்குச் சில நிபந்தனைகள் உண்டு, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறோம். கட்டையை வைக்கிறவர்தான் லீவரைப் பிடிக்க வேண்டும். ஒருவர் வைக்க இன்னொருவர் அழுத்துவது கூடவே கூடாது. விரல் போன கதைகளை விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் வைத்தவர் ஒருவர், அழுத்தியவர் இன்னொருவராக இருக்கும். லீவர் கையை விட்டதும் தானாக நடுவுக்கு வந்து மெசினை நிறுத்தும். அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிக் கம்பியால் கட்டிவைத்தவர்களுக்கு அடுத்த முறை மெசின் கிடையாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பக்கத்திலேயே வரக்கூடாது, எங்கள் வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளையாக இருந்தாலும் சரி.

எண்ணெய் கசிந்தால் கையால் தடவிப் பார்க்க வேண்டாம். ஊசித் துவாரம் ஒன்றிலிருந்து அந்த அமுக்கத்தில் வருகிற எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நுளம்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் இருக்கும், முதலில் நோவும் இருக்காது. அதை நம்பி வீட்டில் இருந்தால் விரலை, சிலநேரம் கையையே எடுக்க வேண்டி வரும். உடனே ஆஸ்பத்திரி, என்ன நடந்தது என்று டொக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு துண்டு காட்போட் மட்டையைப் பிடித்தால் போதும், எண்ணெய் அதில் படியும்.

இன்னொன்று. இப்போது பெரிய அடிமரமும் பிளக்கும் என்று தெரிந்ததும், நிற்கிற புளியைத் தறித்துத் தரவா, வேம்பைத் தறித்துத் தரவா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஊரில் இந்த மரங்கள் இவ்வளவு காலம் நின்றதற்கு ஒரு காரணம், அவற்றை யாராலும் பிளக்க முடியாமல் இருந்ததுதான் என்று அப்போதுதான் எங்களுக்குப் பட்டது. விழுந்த மரத்துக்கு மட்டும்தான் மெசின் தருவோம். பலா, ஈரப்பலா, பெண்பனை என்றால் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்கக்கூடாது என்று 1951ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அதைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வர வேண்டாம்.

விறகு மடுவத்தில் அடுக்கியிருக்கிறது. மாரிக்கு முன் கொத்தி முடித்ததால் நன்றாகக் காய்ந்துவிட்டது. கஞ்சி சமைக்கிற பண்டாரி எரித்துப் பார்த்துவிட்டு, மற்ற விறகில் பாதி போதும் என்கிறார். லுஹருக்குப் பிறகு அடுப்பு மூட்டினால் கிடாரம் இறங்கும் வரைக்கும் தணல் ஆறாது. இந்த நோன்பு முழுக்கக் காணும், இன்ஷா அல்லாஹ், அடுத்ததுக்கும் கொஞ்சம் மிஞ்சும். செலவுக் கணக்கும் உதவி செய்தவர்களின் விபரமும் பலகையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

பதினொன்றில் இரண்டு குற்றிகளைப் பிளக்கவில்லை. மெசினால் முடியாமல் அல்ல. இறைச்சிக் கடைக்காரர்கள் இரண்டு பேர் நல்ல விலை சொல்லிக் கேட்டார்கள். வெட்ட வெட்டப் பிளக்காமல், சிலும்பு எழும்பாமல் நிற்பது புளியங்கட்டைதான் என்பது அவர்களுக்குத் தெரியும். காக்கா கொடுக்கவேண்டாம் என்றார். ஒவ்வொரு வருசமும் உழ்ஹிய்யாவுக்கு இறைச்சி வெட்டக் கட்டை தேடி ஓடுகிறோமே என்று ஞாபகப்படுத்தினார். இரண்டையும் முகம் சீவி, பள்ளிக்குப் பின்னால் மழை படாமல் கவிழ்த்து வைத்திருக்கிறோம். பிள்ளைகள் இப்போது அதில்தான் ஏறுகிறார்கள்.